மெத்தைக் கம்பெனியின் உச்சியில் ஒரு பல் மருத்துவர்

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனர், பல் மருத்துவர் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் எல்லோரும் நலம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதால் தொடங்கிவிட்டேன். மற்றபடி, இந்த வீட்டில் நலமாக இருப்பது உங்கள் தங்கை ஒருத்திதான். எனக்குச் சோறு இறங்கி ஒரு வாரம் ஆகிறது. கதவு தட்டப்பட்டால் வேலையை விட்டு நீக்கும் உத்தரவோ என்று பார்க்கிறேன், பால்காரராக இருக்கிறது. இந்தக் கடிதம் எழுதுவதற்குக் காரணம், இனிமேல் எங்கள் கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தைகூட உங்களிடம் சொல்லப் போவதில்லை என்று தெரிவித்துக்கொள்வதுதான். ஏன் என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொல்லிவிடுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் என் போன் கம்பெனி கொடுத்தது. அதில் யாரோடு எவ்வளவு நேரம் பேசினேன் என்று முதலாளி நினைத்தால் பார்த்துவிட முடியுமாம், கேஷியர் சொன்னார். கேட்டதும் பேனாவை எடுத்துவிட்டேன்.

முதலில் ஒரு செய்தி. பதறாதீர்கள். உங்களுக்குத் தெரியாமலேயே நீங்கள் எங்கள் மெத்தைக் கம்பெனியின் தலைவராகிவிட்டீர்கள்.

எங்கள் சின்ன முதலாளியைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறேன். அப்பா போன பிறகு அவர் ஒருவர்தான் முதலாளி, இருந்தாலும் ‘சின்ன’ அவரை விட்டுப் போகவில்லை. அவர் போன மாதம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அறை என்றால், வாடிக்கையாளர்கள் மெத்தையில் படுத்துப் பார்ப்பதற்காக வைத்திருக்கிறோமே அந்தப் பெரிய ஹால். அதன் மூலையில்தான் அவர் மேஜை. எதிரே நாற்காலி கிடையாது, மெத்தைதான். உட்கார்ந்தால் உள்ளே போய்விடும், முதலாளி உயரத்தில் இருப்பார், நாம் முழங்காலுக்கு மேல் மூக்கை நீட்டிக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். அந்த நிலையில்தான் அவர் சொன்னதைக் கேட்டேன். “ஒரு பெரிய ஓட்டல்காரங்க நம்மகிட்ட மெத்தை வாங்கப் போறாங்க சார். அவங்களுக்கு நம்ம கம்பெனியோட சார்ட் வேணுமாம். யாருக்கு மேல யாரு, யாருக்குக் கீழ யாருன்னு கட்டம் போட்டு, கோடு போட்டு. அதுக்குன்னே சாஃப்ட்வேர் நிறைய வந்திருக்கு. எது நல்லதுன்னு பார்த்து நீங்களே தேர்ந்தெடுங்க” என்றார். சரி என்று எழ முயன்றேன். எழுவதற்குள் சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்: “பார்த்துப் போடுங்க சார். சார்ட்ல இல்லாதவங்க கம்பெனியிலயே இல்லைன்னு அர்த்தம்.” சிரித்துக்கொண்டு சொன்னதுதான் மச்சான் எனக்குப் பயம். அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. மெத்தைக் கம்பெனி மேனேஜருக்குத் தூக்கமில்லை என்று வெளியே சொன்னால் வியாபாரம் என்ன ஆகும், அதனால் அதையும் சொல்லவில்லை.

சாஃப்ட்வேர் தேடத் தொடங்கினேன். கத்தரிக்காய் வாங்குவதென்றால் அழுத்திப் பார்க்கலாம், காம்பைப் பார்க்கலாம். இதில் எதை அழுத்துவது? முதலில் ஓர் இலவச சாஃப்ட்வேர். கட்டங்கள் அழகாகத்தான் வந்தன. ஆனால் அச்செடுத்தால் ஒவ்வொரு கட்டத்தின் குறுக்கேயும் ‘இலவசம்’ என்று சாய்வாக விழுகிறது. முதலாளியின் நெஞ்சிலும் இலவசம், கேஷியரின் முகத்திலும் இலவசம். கேஷியர் அதைப் பார்த்துவிட்டு, “என் சம்பளத்தைப் பார்த்துதான் போட்டிருக்கான்” என்றார். அடுத்தது, நாமே கட்டங்களை இழுத்து இழுத்து வைக்க வேண்டிய ரகம். டிரைவரைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினேன். வாட்ச்மேனும் ஸ்டோர் கீப்பரும் அவர் பின்னாலேயே வந்துவிட்டார்கள். வாட்ச்மேனைத் திருப்பி அனுப்பினால் கோடுகள் எல்லாம் சிக்கலாகி, தையல் பிரிவு முழுவதும் முதலாளியின் தலைக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டது. மூன்றாவதாக ஒன்று, ஒருவருக்கு ஒரு மேலதிகாரிதான் என்று பிடிவாதம் பிடித்தது. எங்கள் தையல் மேஸ்திரிக்கு நான் ஒன்று சொல்வேன், முதலாளி ஒன்று சொல்வார், கடைசியில் அவர் தனக்குத் தோன்றியதைச் செய்வார். இதை எந்தக் கட்டத்தில் போடுவது? அதை விற்கும் பெண்ணுக்குப் போன் செய்தேன். “புள்ளிக் கோடு போட்டுக்கலாம் சார். நேர்க் கோடுன்னா முழு அதிகாரம், புள்ளிக் கோடுன்னா கொஞ்சம் அதிகாரம்” என்றாள். சரி, எனக்கும் மேஸ்திரிக்கும் நடுவே புள்ளிக் கோடு போட்டேன். மேஸ்திரி எட்டிப் பார்த்து, “என்ன சார், நடுநடுவுல விட்டுப்போயிருக்கு?” என்றார். நமக்குள் இருப்பது அப்படித்தானே மேஸ்திரி என்று சொல்ல வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

கடைசியாக வந்தது ஒரு சாஃப்ட்வேர், மச்சான், அதுதான் என்னைக் குழியில் தள்ளியது. நீங்கள் ஒன்றுமே வரைய வேண்டாம் என்றது விளம்பரம். வேலை பார்க்கும் எல்லோருடைய போனுக்கும் அதுவே ஒரு கேள்வி அனுப்பும், வரும் பதில்களை வைத்து அதுவே கட்டம் போட்டு, கோடு இழுத்து, தலைவர் யார் என்று கண்டுபிடித்து, அவருக்கு மட்டும் தங்க நிறத்தில் விளிம்பு கட்டிவிடும். தமிழிலும் வேலை செய்யும். வரையும் பொறுப்பு என் தலையில் இல்லை என்றதுமே எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. நாளைக்கு யாராவது ‘என்னை ஏன் கீழே போட்டாய்’ என்று சண்டைக்கு வந்தால், சாஃப்ட்வேர் போட்டது என்று கையை விரித்துவிடலாம் அல்லவா? வாங்கினேன். கேள்வியை மட்டும் நாமே தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

அந்த ஒரு வரிக் கேள்விக்கு நான் பட்ட பாடு யாருக்கும் வேண்டாம். ‘யாருக்கு ரிப்போர்ட் செய்கிறீர்கள்’ என்று எழுதலாமா என்று மேஸ்திரியிடம் கேட்டேன். “ரத்த ரிப்போர்ட்டா சார்? போன மாசந்தான் எடுத்தேன், சர்க்கரை கொஞ்சம் கூடத்தான்” என்று கவலையாகிவிட்டார். சரி, ‘யாருக்குக் கீழே வேலை செய்கிறீர்கள்’ என்றேன். அதற்கு, “வெட்டுற பிரிவுதான் கீழ, நாங்க மாடி. நாங்க யாருக்கும் கீழ இல்ல” என்று கோபம். ‘உங்களுக்கு மேலே யார்’ என்று மாற்றி டிரைவரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் இரண்டு கைகளையும் கூப்பி வானத்தைப் பார்த்தார். முதலாளிக்கு அந்த இடத்தைக் கொடுக்க எனக்கும் மனமில்லை. வீட்டுக்கு வந்து யோசித்து யோசித்து, மேலும் வேண்டாம் கீழும் வேண்டாம், வேலை என்றால் ஒருவர் இன்னொருவரிடம் சொல்வதுதானே என்று, ‘வேலை சம்பந்தமாக ஒரு விஷயம் என்றால் முதலில் யாரிடம் சொல்வீர்கள்?’ என்று எழுதினேன். உங்கள் தங்கையிடம் படித்துக் காட்டினேன். “அழகா இருக்குங்க” என்றாள். ஆனால் சாஃப்ட்வேர் அவ்வளவு எழுத்தை ஏற்கவில்லை. தமிழ் எழுத்து ஒன்றை அது இரண்டு மூன்றாக எண்ணுகிறதாம். எதை வெட்டுவது? கம்பெனி அனுப்பினால் வேலையைப் பற்றித்தானே கேட்போம், அதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்று முன்னால் இருந்ததை வெட்டிவிட்டேன். ‘ஒரு விஷயம் என்றால் முதலில் யாரிடம் சொல்வீர்கள்?’ என்று எல்லோருக்கும் போயிற்று.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்கு அப்போது புரியவில்லை. ‘விஷயம்’ என்றால் நம் ஊர் வாயில் என்ன பொருள்? யார் யாரோடு பேசுவதில்லை, யாருக்குக் கடன், யார் வேறு வேலை தேடுகிறார்கள், அதுதானே விஷயம்? அவர்கள் என்னவோ கள்ளம் இல்லாமல்தான் பதில் எழுதியிருக்கிறார்கள்.

இதில் என் பங்கையும் கேளுங்கள். நானும் ஊழியன்தானே, என் போனுக்கும் அந்தக் கேள்வி வந்தது. அது ஞாயிற்றுக்கிழமை. உங்களோடு பேசி முடித்து அப்போதுதான் போனைக் கீழே வைத்திருந்தேன். வாரம் முழுவதும் அடைத்துக்கொண்டிருந்ததை எல்லாம் உங்களிடம் கொட்டிவிட்டு, நீங்களும் வழக்கம்போல ‘உம்’, ‘உம்’ என்று கேட்டுவிட்டு, மனசு லேசாக இருந்த நேரம். நானே எழுதிய கேள்வி என்பதை மறந்துவிட்டேன். கேட்டதற்கு உண்மையைத் தட்டினேன்: ‘என் மைத்துனர், பல் மருத்துவர்.’

திங்கட்கிழமை முதலாளி, பிரிவுத் தலைவர்கள், வரவேற்பறையில் போன் எடுக்கும் ஆபரேட்டர் அம்மா, டிரைவர் எல்லோரையும் அந்த ஹாலில் மெத்தைகளில் உட்கார வைத்து, பெரிய டிவியில் சார்ட்டைத் திறந்தேன். முன்கூட்டியே ஒருமுறை பார்த்திருக்கலாம். அது ஒவ்வொரு கட்டமாக வரைந்து காட்டும், பார்க்க நன்றாக இருக்கும், எல்லோரும் சேர்ந்தே பார்ப்போம் என்று ஆசைப்பட்டேன். முதலில் தையல் பிரிவு வந்தது. அங்கிருந்து கோடுகள் மேஸ்திரிக்குப் போகாமல் நேராக ஆபரேட்டர் அம்மாவுக்குப் போயின. வெட்டும் பிரிவு, ஆபரேட்டர் அம்மாவுக்கு. ஸ்டோர் கீப்பர், வாட்ச்மேன், டிரைவர், கேஷியர், எல்லாக் கோடும் ஆபரேட்டர் அம்மாவுக்கு. அந்தம்மா முகம் சிவந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். மேஸ்திரியின் கோடும் அங்கேதான் போனது என்பதால் அவரால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. சரி, இத்தோடு நின்றுவிடும் என்று பார்த்தால், அந்தம்மாவின் தலையிலிருந்து ஒரு கோடு கிளம்பி என்னிடம் வந்தது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். “சார் யார்கிட்டயும் சொல்ல மாட்டாருன்னுதான்...” என்று ஆபரேட்டர் அம்மா இழுத்தார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, என் தலையிலிருந்து ஒரு கோடு மேலே ஏறியது. உச்சியில் தங்க விளிம்போடு ஒரு கட்டம் திறந்தது. ‘தலைவர்: என் மைத்துனர், பல் மருத்துவர்.’

அவசரமாக டிவியை அணைக்கப் போய், படத்தைப் பெரிதாக்கும் பொத்தானை அழுத்திவிட்டேன். நீங்கள் சுவர் முழுக்க நிறைந்துவிட்டீர்கள். “யாரு சார் இந்தப் பல் டாக்டர்?” என்று முதலாளி கேட்டார். “எங்க வீட்டம்மாவோட அண்ணன் சார்.” “அவருக்கு நம்ம கம்பெனியைப் பத்தி என்ன தெரியும்?” டிரைவர் எனக்கு உதவி செய்வதாக நினைத்து, “எல்லாமே தெரியும் சார்னு நினைக்கிறேன்” என்றார். யாரோ சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. அவர் டிவியின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே, எதோடும் சேராமல், ஒரு சின்னக் கட்டம் தனியாகக் கிடந்தது. ‘முதலாளி’ என்று இருந்தது. அதற்கு மேலே, பதில் வராத இடத்தில் சாஃப்ட்வேர் தானாகவே ‘காலி’ என்று போட்டிருந்தது. அவரிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. அவரும் யார் பெயரையும் எழுதவில்லை. “அப்புறம் பேசிக்கலாம்” என்று எழுந்து போய்விட்டார்.

அந்த ‘அப்புறம்’ வரும்வரை நான் பட்ட அவதி இருக்கிறதே. முதலில், நான் உங்களிடம் என்னென்ன சொல்லியிருக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். புரண்டு படுத்தால் சத்தமே போடாத புது மெத்தை, அதற்குள் வைக்கும் சுருள், ஓட்டல்காரர்கள், எல்லாம் சொல்லியிருக்கிறேன். அப்புறம்தான் எனக்கு நினைவு வந்தது: எங்கள் போட்டிக் கம்பெனி முதலாளிக்குக் கடைவாய்ப் பல்லில் வேர்வரைக்கும் சிகிச்சை செய்கிறேன் என்று நீங்களே சொன்னீர்கள். மச்சான், உங்களிடம் வருகிறவர்கள் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறார்கள், எழுந்து ஓட முடியாது, பேசவும் முடியாது. அந்த நேரத்தில் நீங்கள் சும்மா இருப்பீர்களா, ஏதாவது பேசுவீர்களா? வானிலை பேசுவீர்களா, மெத்தை பேசுவீர்களா? இதை நான் இத்தனை காலம் கேட்டுக்கொள்ளவே இல்லை. தயவுசெய்து உடனே பதில் எழுதுங்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றால் ‘பல் நலம்’ என்று எழுதுங்கள். சொல்லியிருந்தால் எதுவும் எழுத வேண்டாம், நானே புரிந்துகொண்டு வேறு வேலை தேடுகிறேன்.

ஆபீசிலோ ஒருவரும் என்னிடம் வாய் திறக்கவில்லை. “சார்கிட்ட சொன்னா நேரா பல் டாக்டருக்குப் போயிடும்” என்று பேச்சு. ஆபரேட்டர் அம்மா நான் போனால் வேண்டுமென்றே ரிசீவரைக் காதில் வைத்துக்கொள்கிறார். மறுமுனையில் யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். இதில் இன்னொரு தொல்லை. வேன் பழுதானதும், பஞ்சு வராததும், வாடிக்கையாளர் திட்டியதும் எல்லாம் இவர்களுடைய விஷயத்தோடு விஷயமாகத்தான் இத்தனை நாளும் என் காதுக்கு வந்துகொண்டிருந்தன. இப்போது அதுவும் நின்றுவிட்டது. இரட்டைக் கட்டில் மெத்தை ஒற்றைக் கட்டில் வீட்டுக்குப் போயிருக்கிறது; அவர்கள் பாதியைச் சுவரில் சாய்த்து வைத்துப் படுத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியவே தெரியாது. இந்த நேரம் பார்த்து அந்த சாஃப்ட்வேர்க்காரர்களிடமிருந்து ஒரு பெண் போன் செய்கிறாள். “எங்க சாஃப்ட்வேர் திருப்தியா இருக்கா சார்?” “உண்மையைச் சொல்லிடுதும்மா.” “நன்றி சார், அதைத்தான் எல்லாரும் பாராட்டுறாங்க” என்று வைத்துவிட்டாள்.

உங்கள் தங்கைக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அழுவாள் என்று பார்த்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, “அது சரி, விஷயம்னா எங்கிட்ட சொல்லாம எங்க அண்ணன்கிட்டயா சொல்றீங்க?” என்றாள். அதன் பிறகு இரண்டு நாள் பேசவில்லை. அங்கேயும் ஒரு கோடு அறுந்தது.

நேற்று ‘அப்புறம்’ வந்தது. முதலாளி என் அறைக்கே வந்தார், கதவைச் சாத்தினார். என் நாற்காலியை விட்டு எழுந்தேன், அவர் உட்காரச் சொல்லிவிட்டு ஓரமாகச் சுருட்டி வைத்திருந்த மெத்தை மேல் உட்கார்ந்தார். இப்போது நான் உயரத்தில், அவர் கீழே. “உங்க மச்சான் திருப்பி என்ன சொல்லுவாரு?” என்றார். “ஒண்ணும் சொல்ல மாட்டாரு சார். உம்னு கேட்டுப்பாரு.” “அவ்வளவுதானா?” “அவ்வளவுதான் சார்.” மெத்தையின் ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். “எனக்கும் அந்தக் கேள்வி வந்துச்சு. எழுதலாம்னுதான் போனை எடுத்தேன். யார் பேரும் வரல. அப்பா இருந்திருந்தா அவர் பேரைப் போட்டிருப்பேன்” என்றார். எனக்கு அவர் மேல் இருந்த பயம் அப்படியே இருந்தது, ஆனால் அதோடு பாவமாகவும் இருந்தது. இத்தனை பேருக்குச் சம்பளம் கொடுக்கிற மனிதருக்கு ஒரு ஆபரேட்டர் அம்மாகூட இல்லையே என்று தோன்றியது. ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார், பழைய முகம் வந்துவிட்டது. “ஓட்டல்காரங்களுக்கு அந்த இலவச சாஃப்ட்வேர்லயே ஒண்ணு போட்டுக் கொடுங்க. இன்னொண்ணு சார். இனிமே கம்பெனி விஷயம் ஒண்ணு வெளிய போச்சுன்னு தெரிஞ்சா, உங்க கட்டத்துலயும் காலின்னு போட வேண்டி வரும்.”

ஆகவே மைத்துனர் அவர்களே, இதோடு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை இனி நாம் பேசினால் வெயிலைப் பற்றிப் பேசுவோம். உங்கள் முட்டிவலியைப் பற்றிப் பேசுவோம். நான் தவறிப்போய் ‘எங்க ஆபீஸ்ல’ என்று ஆரம்பித்தால் நீங்கள் போனை வைத்துவிட வேண்டும், கோபித்துக்கொள்ள மாட்டேன். இதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. உங்களிடம் சொன்ன பிறகுதான் எனக்கே ஒரு விஷயம் நடந்து முடிந்தது மாதிரி இருக்கும். இனி நடப்பதெல்லாம் பாதியில் நிற்கும். என்ன செய்வது, வயிறு இருக்கிறதே. இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுங்கள். அக்காவிடம் படித்துக் காட்டிவிட்டுக் கிழித்தாலும் சரி.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, வாழ்க்கையில் எந்தக் கட்டத்திலும் மாட்டிக்கொள்ளாமல் நீண்ட நாள் வாழ என் ஆசிகள். உங்கள் கைராசி மேலும் பெருகட்டும்.

இப்படிக்கு,
இனிமேல் உங்களிடம் எதுவும் சொல்லாத,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: ஆபீசில் உறையை ஒட்டப் போகும்போது முதலாளி மறுபடியும் என் அறைக்கு வந்தார். உங்கள் கிளினிக் நம்பர் கேட்டார். பல் வலியாம். எந்தப் பல் சார் என்று கேட்டேன். இந்தக் கன்னத்தைத் தொட்டார், அந்தக் கன்னத்தைத் தொட்டார், “அதை அவர்கிட்டயே சொல்லிக்கறேன்” என்றார். சனிக்கிழமை வருகிறார். கடைசி ஆளாக வரச் சொல்லியிருக்கிறேன், அப்போதுதான் வெளியே யாரும் காத்திருக்க மாட்டார்கள். மச்சான், உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், நாற்காலியில் சாய்ந்ததும் அவர் வாய்க்குள் எதையும் வைத்துவிடாதீர்கள். அவர் பேசட்டும். ஞாயிற்றுக்கிழமை உங்கள் தங்கையின் போனிலிருந்து கூப்பிடுகிறேன். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு மட்டும் சொல்லுங்கள், நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.